சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழி

(ஆவடியை அடுத்த கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய பெரியவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தவர் என்று சொன்னார்கள். இசையைப் பற்றி ஆண்டுக்கு ஒரு பேச்சு நடக்க வேண்டும் என்று எழுதிவைத்தாராம். எந்த இசை என்று எழுதிவைக்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் இந்த மேடையில் பேசியவர்கள் தேவாரப் பண்களைப் பற்றியும் நாகசுர மரபைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். நான் சாவு மேளத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். அதை ராக் மேடைக்குக் கொண்டுபோன ஓர் இசைக்குழுவைப் பற்றியும், ‘மகிழ்ச்சி’ என்ற பெயரில் அவர்கள் தந்த பாடல் தொகுப்பைப் பற்றியும்.

குழுவின் பெயர் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. சாதியற்றவர்களின் கூட்டு. 2017இன் கடைசியில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் நடத்திவந்த இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பாடவைத்தும் வாசிக்கவைத்தும் கேட்டு, 19 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கானா பாடுகிறவர்கள், ராப் சொல்கிறவர், பறையும் சட்டியும் கட்ட மோளமும் அடிக்கிறவர்கள், கிட்டாரும் டிரம்ஸும் வாசிக்கிறவர்கள் என்று எல்லாரும் ஒரே வரிசையில். 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் பள்ளி மைதானம் ஒன்றில் முதல் நிகழ்ச்சி. ஆயிரக்கணக்கில் கூட்டம்.

ரஞ்சித் பிறந்த கரலப்பாக்கம் இந்தக் கல்லூரியிலிருந்து அதிக தூரமில்லை. ஆவடிப் பக்கத்து ஊர்தான். குழுவில் ராப் சொல்லும் ‘தெருக்குரல்’ அறிவு அரக்கோணத்துக்காரர், நம் ரயில் பாதையின் மறுமுனை. ஊர்ப்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. கானா என்றாலே வடசென்னை என்று எழுதுகிறோம். புளியந்தோப்பு, வியாசர்பாடி, ராயபுரம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் அது சென்ட்ரலிலிருந்து மேற்கே கிளம்பும் மின்சார ரயிலில் ஏறித் தினமும் பயணம் செய்திருக்கிறது. வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், அன்னனூர், ஆவடி, பட்டாபிராம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் கல்லூரிப் பையன்கள் ஏறுவார்கள். கதவோரம் நின்றபடி பெட்டிச் சுவரில் உள்ளங்கையால் அடித்துக்கொண்டு பாடுவார்கள். அந்தப் பெட்டிகளைச் செய்த ஐ.சி.எஃப். 1955இல் பெரம்பூரில் தொடங்கியது. இரும்புத் தகட்டில் கை விழும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும்; ஜன்னலுக்குக் கீழே அடித்தால் கனம், கதவுச் சட்டத்தில் அடித்தால் கூர்மை. இந்த வித்தியாசம் தெரிந்த பையன்தான் அன்றைக்குத் தாளக்காரன். பொறியாளர்கள் அறியாமலே நகரத்துக்கு ஓர் இசைக்கருவியைச் செய்து கொடுத்துவிட்டார்கள்.

ரஞ்சித்தின் முதல் படமான ‘அட்டகத்தி’யில் (2012) இந்தப் புறநகரின் பஸ் படிக்கட்டும் கானாவும் இருந்தன. கானா பாலாவைப் பலரும் அந்தப் படத்தில்தான் முதலில் கேட்டார்கள். சினிமாவுக்கு கானா புதிதல்ல. தேவா 1990களிலேயே கொண்டுவந்துவிட்டார். ஆனால் சினிமாவில் அது கதாநாயகனின் சோகத்துக்கோ சிரிப்புக்கோ ஊழியம் செய்தது. பாட்டு முடிந்தால் கதைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்ப வேண்டிய கதை இல்லாத மேடை ஒன்று அதற்கு 2018இல்தான் கிடைத்தது.

இனி மேளத்துக்கு வருகிறேன்.

நான் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் வளர்ந்தவன். ‘ஓட்டி’ என்றுதான் சொல்வோம்; அது இரண்டு ஆங்கில எழுத்து என்று எனக்குத் தெரிந்தது மீசை முளைத்த பிறகு. ஆடி மாதம் திருவேற்காடு, திருமுல்லைவாயில் என்று அம்மன் கோயில்களில் லைட் மியூசிக் கச்சேரி நடக்கும். அங்கே கீபோர்டும் பேடும்தான். சட்டியைக் கேட்க வேண்டுமென்றால் யாராவது சாக வேண்டும். தெருமுனையில் சட்டி கேட்டதும் அம்மா ஜன்னலைச் சாத்துவார். எங்களுக்கோ கால் துடிக்கும். செத்தவர் யாரென்று தெரியும், துக்கமும் உண்டு, ஆனாலும் கால் துடிக்கும். இந்த வெட்கத்தை யாரிடமும் சொல்ல முடியாது.

ஓசையை மட்டும் எடுத்துக்கொள்வோம். சட்டி சின்னது, இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு மெல்லிய குச்சிகளால் அடிப்பது. அதன் ஓசை கூர்மை, நான்கு தெரு தாண்டும். கட்ட மோளம் கீழ்த்தொனி, வயிற்றில் இடிப்பது. பறை இரண்டுக்கும் நடுவில். தோல் பறையை நெருப்பில் காய்ச்சித்தான் சுருதிக்குக் கொண்டுவர வேண்டும். ஈரக்காற்று பட்டால் தளர்ந்துவிடும். ஆக மூன்று உயரத்தில் மூன்று ஒலி, மூன்று ஆள். இப்போது ராக் குழுவின் டிரம் செட்டைப் பாருங்கள். காலால் மிதிக்கும் பெரிய டிரம் கீழே, நடுவில் டாம், மேலே ஸ்னேரும் சிம்பலும். அதே மூன்று உயரம், ஒரே ஆள்.

இந்த ஒற்றுமை தற்செயல் மட்டுமல்ல என்பதுதான் நான் இன்றைக்குச் சொல்ல வந்தது. டிரம் செட் பிறந்த கதையில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே தெருவில் போகும் பேண்டு செட்டில் பெரிய டிரம் ஒருவர் கையில், ஸ்னேர் இன்னொருவர் கையில். அதே வாத்தியங்கள் நடனக் கூடத்துக்குள் போனபோது இடமும் இல்லை, இரண்டு பேருக்குக் கூலி கொடுக்க மனமும் இல்லை. இரண்டையும் ஒருவரே அடிக்கப் பழகினார். 1909இல் லட்விக் சகோதரர்களின் கால்மிதி வந்தபின் அந்த வழக்கம் உறுதிப்பட்டது. அந்தத் தெரு பேண்டுகளின் முக்கியமான வேலைகளில் ஒன்று கறுப்பின மக்களின் சவ ஊர்வலம். கல்லறைக்குப் போகும்போது மெதுவான துக்க இசை. உடலை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது ஆட்டம் போடவைக்கும் இசை. தெருவே பின்னால் ஆடிக்கொண்டு வரும். ஜாஸ் அந்தத் தெருக்களில் வளர்ந்தது. ஜாஸின் டிரம் செட்டைத்தான் பின்னால் ராக் எடுத்துக்கொண்டது.

எனவே கீழ்ப்பாக்கம் மேடையில் டிரம் செட்டும் சட்டியும் அருகருகே நின்றபோது, மேலைநாட்டு வாத்தியமும் நாட்டுப்புற வாத்தியமும் ‘கலந்தன’ என்று எழுதியவர்கள் பாதி தூரம்தான் வந்தார்கள். சவத்துக்கு முன்னால் நடந்த இரண்டு மேளங்கள் சந்தித்துக்கொண்டன என்று எழுதியிருக்கலாம். பங்காளிகள்.

ஒரு வேறுபாடு உண்டு. நம் ஊரில் போகும்போதுதான் மேளம். திரும்பும்போது இல்லை. சொந்தக்காரர்கள் குளித்துவிட்டு ஒரு வழியாகப் போவார்கள். மேளக்காரர்கள் கூலி வாங்கிக்கொண்டு இன்னொரு வழியாகப் போவார்கள். அவர்கள் அடித்த அடிக்கு ஊரே ஆடியிருக்கும், ஆனால் மேளக்காரர்கள் வீட்டுத் தண்ணீரை ஊரார் குடிக்கமாட்டார்கள். இதனால்தான் ‘இனி சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம்’ என்று பல ஊர்களில் தலித் மக்கள் கருவியைக் கீழே வைத்தார்கள். அந்த மறுப்புக்காக அடிபட்டார்கள். மறுபக்கம், திண்டுக்கல் சக்தி கலைக்குழு போன்றவர்கள் அதே பறையைப் பெண்கள் கையில் கொடுத்து, இது கலை, இது எங்கள் உரிமை என்றார்கள். கீழே வைப்பதா, நிமிர்ந்து நின்று அடிப்பதா? இந்த வாதம் இன்னும் தீரவில்லை. தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை.

இந்தக் குழுவின் பெயரிலேயே அந்த வாதம் இருக்கிறது. பெயருக்கான தூண்டுதல் அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து (1845–1914) வந்தது. சாதியற்ற தமிழர் என்ற அவருடைய கருத்திலிருந்து. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர். பறையர் என்ற பெயரையே ஏற்காதவர். அது பகைவர் சுமத்திய பெயர், நாம் பூர்வ பௌத்தர் என்று வாதாடியவர். அந்தப் பெயரை மறுத்தவரிடமிருந்து குழு தன் பெயரை எடுத்துக்கொண்டது. அந்தப் பெயரோடு ஒட்டவைக்கப்பட்ட கருவியைக் கையில் எடுத்துக்கொண்டது. மேடையில் எல்லாரும் கோட்டு சூட்டு அணிந்திருந்தார்கள். அம்பேத்கரின் உடை. சட்டி அடிப்பவரைக் கோட்டில் பார்த்ததும் நெஞ்சில் ஏதோ இடித்தது என்று அன்று கூட்டத்தில் இருந்த என் நண்பர் சொன்னார். கோட்டு போட்டால் தோள்பட்டை பிடிக்கும், வேகமாக அடிப்பது கஷ்டம் என்றும் அவரே சொன்னார். அவர் தவில் குடும்பம்.

மாதத்தையும் கவனியுங்கள். ஜனவரி 6 என்றால் மார்கழி. அதே நாட்களில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக் கச்சேரிகள். தமிழில் ‘பியூஷன்’ என்ற சொல்லுக்கு அதுவரை இருந்த அர்த்தம் என்ன? 1970களில் ஜான் மெக்லாக்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் சேர்ந்த ‘சக்தி’. 1986இல் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. இரண்டும் எனக்கு உயிர். ஆனால் இரண்டிலும் மேலைச் சங்கீதத்தோடு கைகுலுக்கப் போனது நம் செவ்விசை. கடமும் வயலினும் விமானம் ஏறின. சட்டி தெருவிலேயே நின்றது. அதற்கு கிட்டாரோடு பேச விஷயம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

பேச வைப்பது சுலபமும் அல்ல. கானாக்காரர் முதலில் தாளமில்லாமல் இழுத்துப் பாடுவார், பழைய நாடகத் தொகையறா போல. பிறகு தாளத்தில் இறங்குவார். எப்போது இறங்குவார் என்று அவருக்கும் முன்கூட்டித் தெரியாது. டோலக் வாசிப்பவர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ராக் குழுவோ ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணித் தொடங்குவது. சாவுக்குத்தின் நடை பெரும்பாலும் மும்மூன்றாக உருளும். ராப்புக்கு நான்கு நான்காக வெட்டிய தளம் வேண்டும். மூன்றின் மேல் நான்கை ஏற்றி, இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காமல் ஓடவிட வேண்டும். ஸ்ருதியிலும் தகராறு. கானாக் குரல் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் வழுக்கி நிற்கும். கிட்டாரில் முழு கார்டு வாசித்தால் அந்தக் குரல் ‘அபஸ்வரம்’ போலக் கேட்கும். ராக் கிட்டாரின் ‘பவர் கார்டு’ இங்கே கைகொடுக்கிறது. அதில் ஆதார ஸ்வரமும் பஞ்சமமும்தான். நடுவில் காந்தாரம் கிடையாது. எந்தக் காந்தாரத்தில் நிற்பது என்பதைப் பாடகர் விருப்பத்துக்கு விட்டுவிடும். நாகரிகமான கிட்டார், இடம் ஒதுக்கி உட்காரும் கிட்டார்.

ராப்புக்கு வேறு கதை. ஆங்கில ராப் வரியின் கடைசியில் ஒலி ஒத்துவருவதை நம்பி நடக்கிறது. தமிழுக்கு எதுகை வரியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில். கூடவே குறில், நெடில், ஒற்று. ‘வல்லவன்’ தொகுப்பில் (2006) மலேசியாவின் யோகி பியும் நட்சத்ராவும் இந்த வளத்தை ஏற்கெனவே காட்டினார்கள். அறிவின் ராப்பில் அது மேடைப் பேச்சின் வேகத்தோடு சேர்ந்தது. இடஒதுக்கீடு பற்றிய அவருடைய பாடலில் வாதம் இருக்கிறது, புள்ளி வைத்துப் பேசுகிற தர்க்கம் இருக்கிறது. அது பட்டிமன்றம் ஆகாமல் காப்பாற்றுவது கீழே உருளும் மேளம். இங்கே இருக்கும் தமிழ் மாணவர்கள் யாப்பருங்கலக் காரிகையை வைத்துக்கொண்டு இந்தப் பாடல்களை அலகிட்டுப் பார்க்கலாம். பேராசிரியர் மதிப்பெண் தருவாரா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். (சிரிப்பு)

‘மகிழ்ச்சி’ என்ற தலைப்பு ‘கபாலி’யில் (2016) ரஜினி சொல்லிச் சொல்லி ஊருக்கே பழக்கமான சொல். மாட்டுக்கறி, இடஒதுக்கீடு, ஜெய்பீம் முழக்கம் என்று இருந்த பாடல்களின் தொகுப்புக்கு இப்படி ஒரு பெயர். புலம்பல் என்று வைக்கவில்லை, போராட்டம் என்றும் வைக்கவில்லை.

வரவேற்பு எப்படி? எனக்கு ஒரு மனக்குறை உண்டு. திட்டியவர்கள் மேல் அல்ல. ‘இசையில் எதற்குச் சாதி’ என்று கேட்டவர்களுக்கு சாவு மேளமே பதில் சொல்லிவிடும். என் குறை பாராட்டியவர்கள் மேல். ஆங்கில இதழ்கள், தமிழ் இதழ்கள், தொலைக்காட்சி எல்லாம் எழுதின, பேசின. துணிச்சல், எதிர்ப்பு, அரசியல் என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் கட்ட மோளத்துக்கும் பேஸ் கிட்டாருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று ஒரு பத்தி எழுத ஆளில்லை. சபாவில் கர்நாடக இசைப் பாடகர் சஞ்சய் சுப்ரமணியன் பாடினால் ராகத்தை எழுதுகிறோம், பல்லவியின் எடுப்பை எழுதுகிறோம். இவர்கள் பாடினால் கருத்தை மட்டும் எழுதுகிறோம். முன்னவர் கலைஞர், இவர்கள் சாட்சிகள். இந்தப் பாகுபாட்டுக்கு என்ன பெயர் வைப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு பகுதிப் பழியைக் கைபேசியின் மேல் போடலாம். நம்மில் பெரும்பாலோர் இந்தப் பாடல்களை யூடியூபில், கைபேசி ஸ்பீக்கரில் கேட்டோம். நகமளவு ஸ்பீக்கரால் கீழ்த்தொனியைத் தர முடியாது. கட்ட மோளம், பேஸ் கிட்டார், கால்மிதி டிரம் மூன்றும் அப்படியே காணாமல் போகும். மிஞ்சுவது குரலும் சட்டியின் நுனியும். மைதானத்தில் நின்றவர்களுக்கு வயிற்றில் விழுந்த பாட்டு, கைபேசியில் வெறும் வாக்கியமாகிவிட்டது. அதனால் வாக்கியத்தைப் பற்றியே எழுதினார்கள்.

வாக்கியத்தை மட்டும் கேட்பதன் விளைவை 2024 நவம்பரில் பார்த்தோம். எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக்குப் போகலாம் என்ற தீர்ப்பு 2018 செப்டம்பரில் வந்தது. அந்தக் காலத்தில் பெண்களின் உரிமை பற்றி இந்தக் குழு பாடிய பாட்டு ஒன்று, ஆண்டுகள் கழித்துத் திடீரென்று கிளறப்பட்டது. பாடிய இசைவாணி மேல் காவல் நிலையங்களில் புகார்கள், வசைகள். குழுவில் தொடக்கத்தில் இருந்த ஒரே பெண் அவர். ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் பாடியதற்காக 2020இல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். அந்தக் குரலில் ஒரு கரகரப்பு உண்டு. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அது மெலியாமல் அப்படியே மேலே ஏறும். அதைப் பற்றி யாரும் புகார் கொடுக்கவில்லை, யாரும் எழுதவும் இல்லை.

எனக்கு இந்தத் தொகுப்பின் மேல் விமர்சனமும் உண்டு. 19 பேர் மேடையில் நின்றால் ஏற்படும் நெரிசல் ஒலிப்பதிவில் ஒழுங்காகிவிட்டது. பாடகர் இறங்கும் நேரத்துக்காக டோலக்காரர் காத்திருக்கும் அந்த ஒரு நொடிப் பதற்றம் இல்லை. சில பாடல்களில் கோரஸ் முழக்கம் பாட்டை விழுங்கிவிடுகிறது. ஊர்வலத்தில் சரி, வீட்டில் மூன்றாம் முறை கேட்கும்போது அலுக்கிறது. பெண் குரல் ஒன்றே ஒன்று என்பதும் குறைதான்.

பிறகு அவரவர் வழியில் போனார்கள். அறிவு 2019இல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் ‘தெருக்குரல்’ தந்தார். 2021 மார்ச்சில் பாடகி தீயுடன் ‘எஞ்சாய் எஞ்சாமி’. அது கடல்தாண்டி ஓடியது. அதே ஆண்டு ஓர் இசை இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. கண்டனம் எழுந்த பிறகு அவருக்கு இணையத்தில் தனி அட்டை வந்தது. டென்மா ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’ (2019), ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) படங்களுக்கு இசையமைத்தார். 2020 டிசம்பரில் நீலம் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது. ஒப்பாரி, கானா, பறை எல்லாவற்றுக்கும் மார்கழியில் மேடை.

நேரமாகிவிட்டது, அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பேச்சை விட்டுவிட்டு ஒரு பாட்டைக் கேட்போம். இதற்காகவே ஆவடி மார்க்கெட் பக்கத்து சவுண்டு சர்வீஸ்காரரிடம் சொல்லி இரண்டு பேஸ் பெட்டிகளை வரவழைத்திருக்கிறேன்; வாடகை அறக்கட்டளைக் கணக்கில். முதல் முறை கேட்கும்போது தயவுசெய்து சொற்களை விட்டுவிடுங்கள். கட்ட மோளம் விழும் இடத்தில் கிட்டார் எங்கே ஒதுங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். இரண்டாம் முறை சொற்களுக்கு. கால் துடித்தால் அடக்கவேண்டாம். இங்கே யாரும் சாகவில்லை.

தம்பி, அந்தப் பெட்டியை இன்னும் கொஞ்சம் சுவரை விட்டுத் தள்ளி வைங்க. அதிருது பாருங்க. ம், அங்கேதான். போடுங்க.

(பாடல் ஒலிக்கவிடப்பட்டது.)